வெறும் சரி

கொக்கியின் வீட்டுக்காரர் யார் என்ன சொன்னாலும் சரி என்பார். கேஸ் தீரப் போகிறது, சொல்லி வைக்கணும் என்றால் சரி. பின்பக்க ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் போடணும் என்றால் சரி. உங்க சித்தப்பாவுக்கு உடம்பு முடியலையாம், ஒரு எட்டுப் பார்த்துட்டு வாங்க என்றால் அதற்கும் சரி. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கேட்டவர் மனம் குளிரும்படி சொல்வார். அதோடு அந்த விஷயம் முடிந்தது. கேஸ் பாதிச் சமையலில் தீரும், ஜன்னல் காற்றில் அடித்துக்கொண்டு கிடக்கும், சித்தப்பா போனில் கூப்பிட்டு மானத்தை வாங்குவார். "என் பிள்ளை சரின்னு சொன்னா நீ வேற ஆளைப் பார்த்துக்கோம்மா" என்று கல்யாணமான புதிதிலேயே மாமியார் சொல்லிவிட்டார். பெற்றவளே கைகழுவிய பிறகு இவள் யாரிடம் போய் முறையிடுவது?

கொக்கி என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். யார் எதைக் கொண்டுவந்து காட்டினாலும், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று ஒரு கொக்கி போடாமல் இருக்க அவளால் முடியாது. புரோகிராம் எழுதுகிறவளுக்கு அது நல்ல குணம்தான். கூட வேலை செய்கிறவர்களுக்குத்தான் தலைவலி.

அவள் கம்பெனி சரக்கு வண்டிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தது. ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கும். வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று அலுவலகத்துக்குச் சொல்வதும், நின்றவுடன் வீணாக ஓடும் மின்சாரத்தை வெட்டுவதும் அதன் வேலை. கோளாறு ஒன்றுமில்லை என்றால் ஓட்டுநருக்கு முன்னால் ஒரு பச்சை விளக்கு எரியும். பெட்டிக்குப் பூட்டுக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் சீல் போட்டிருக்கும். அறுத்தால் ஒட்டாது.

அன்றைக்கு அந்தப் பெட்டி வைத்த ஒரு வண்டியில் அவள் வீட்டுக்காரர் முதல் முறையாக ஓட்டுநராகப் போகிறார். அவர் பம்பு ரிப்பேர் செய்யும் பட்டறையில் இருந்தவர். பட்டறையை மூடிய பிறகு ஒரு வருஷம் வீட்டோடு கிடந்தார். வேலையில்லாத மனுஷன் வீட்டில் இருந்தால் ஆளாளுக்கு ஒரு வேலை ஏவுவார்கள். அதைக் கொண்டா, இதைக் கொடு, வரிசையில் போய் நில். எல்லாவற்றுக்கும் சரி என்றார், ஆனால் அந்தச் சரி நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. கடைசியில் வெறும் தலையாட்டலாகிவிடுமோ என்று அவள் உள்ளுக்குள் பயந்தாள். மீன் குஞ்சு ஏற்றிப் போகும் கம்பெனி ஒன்று இவர்களுடைய வாடிக்கையாளர். கொக்கிதான் அந்த மேனேஜரிடம் சொல்லி, கெஞ்சாத குறையாக இந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். இதுவும் போனால் மனுஷன் இனி எழுந்திருக்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

சேர்த்துக்கொண்ட அன்றைக்கே மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "என்ன வேணா பண்ணுங்க, பெட்டி சீலை மட்டும் தொடக்கூடாது. அதுக்குள்ள கையை விட்டுத்தான் பழைய டிரைவர் டீசல் திருடினான். சீல் அறுந்திருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

வீட்டுக்காரர் தலையைச் சாய்த்து, "சரி" என்றார்.

காலையில் கிளம்பும்போது சட்டைக் காலரை இரண்டு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். அவர் படியிறங்கிய பிறகு கொக்கி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பட்டறைக்குப் போகும் காலத்து நடை திரும்பி வந்திருந்தது.

இந்த மீன் வண்டிக்கு ஒரு முன்கதை உண்டு.

புரோகிராமில் வண்டி என்று ஒரு பொது அச்சு இருந்தது. கிளாஸ் என்பார்கள். அதற்கு லாரி, வேன், குளிர் வண்டி, கோழிக்குஞ்சு வண்டி என்று பிள்ளைகள். வண்டி என்றால் என்னென்ன செய்யும் என்று தாயில் எழுதியிருப்பதைப் பிள்ளைகள் எல்லாம் செய்யும். எது எந்தப் பிள்ளை என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே குரலில் கிளம்பு, நில் என்று கூப்பிடலாம், அவையவை தம் வழியில் செய்துகொள்ளும். இந்த ஏற்பாட்டின் அழகே அதுதான். ஒரு பிள்ளைக்கு மட்டும் தெரிந்த, மற்றவற்றுக்குத் தேவையே இல்லாத ஒரு வேலை வரும்போதுதான் சிக்கல். லாரி நின்றால் மின்சாரத்தை வெட்டிவிடலாம். கோழிக்குஞ்சு வண்டி நின்றால் மின்விசிறி ஓடியே ஆகவேண்டும். இல்லையென்றால் உள்ளே ஒன்றும் மிஞ்சாது.

அதனால் கொக்கி, வண்டி நிற்கும் இடத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தாள். நீ குளிர் வண்டியா? ஆமாம் என்றால் குளிரை விடாதே. நீ கோழிக்குஞ்சு வண்டியா? ஆமாம் என்றால் விசிறியை விடாதே. இப்படிக் கேள்விகள் புரோகிராமில் அங்கங்கே முளைத்திருந்தன.

குழுவின் தலைவருக்கு அதைப் பார்த்தாலே உடம்பு கூசும். அவரை முதுகுக்குப் பின்னால் பளிங்கு என்பார்கள். மேசைமேல் ஒரு காகிதத் துண்டு இருக்காது. தண்ணீர் குடித்த டம்ளரைக்கூட உடனே கழுவிக் கவிழ்த்துவிடுவார்.

"ஒவ்வொருத்தரையும் நிறுத்தி, நீ யாரு, நீ யாருன்னு விசாரிச்சிட்டு இருப்பீங்களா? நாளைக்கு இன்னொரு வண்டி வந்தா இன்னொரு கேள்வி. ஒரு இடத்துல மறந்தா போச்சு. யாருன்னே கேக்கக் கூடாதும்மா. வேலையைச் சொல்லணும், அவங்க பார்த்துக்கணும்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவரே உட்கார்ந்து கேள்விகளையெல்லாம் துடைத்து எடுத்தார். தாய்க் கிளாசில் 'சரக்கைக் கவனி' என்று புதிதாக ஒரு மெத்தட், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடும் ஒரு வேலைக் குறிப்பு, வைத்தார். குளிர் வண்டி அதைத் தன் வழியில் எழுதிக்கொண்டது. கோழிக்குஞ்சு வண்டியும் எழுதிக்கொண்டது. லாரிக்கும் வேனுக்கும் கவனிக்க ஒன்றுமில்லை, ஆகவே தாயில் அந்த மெத்தட் வெறுமையாக இருந்தது. உள்ளே ஒரு வரி கிடையாது. கூப்பிட்டால் வரும், ஒன்றும் செய்யாது, முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போகும். பச்சை விளக்கு எரியும்.

"நல்லாத்தான் இருக்கு சார், ஆனா..." என்று கொக்கி அன்றைக்கும் ஆரம்பித்தாள். "யாராவது எழுத மறந்துட்டா? வெறும் மெத்தட் ஓடும். தப்புன்னுகூடக் காட்டாதே."

"மறக்க மாட்டாங்க. புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் கொடுப்போம்" என்றார் பளிங்கு.

இன்னும் ஒரு கொக்கி போட்டிருக்கலாம். மதியச் சாப்பாட்டு நேரம், எல்லாரும் எழுந்துவிட்டார்கள், அவளுக்கும் பசி. "சரி சார்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் மீன் கம்பெனி வந்தது. மீன் வண்டியைச் சேர்க்கும் வேலை குழுவுக்குப் புதிதாக வந்த பெண்ணிடம் போனது. நல்ல பெண், கெட்டிக்காரி. தொட்டிகளுக்குள் காற்றடிக்கும் பம்பை எப்போது வேகமாக ஓட்ட வேண்டும், எப்போது மெதுவாக என்று பார்த்துப் பார்த்து எழுதியிருந்தாள்.

வீட்டுக்காரர் வண்டி கிளம்பிய அன்று முற்பகலில் பளிங்கு எல்லாரையும் கூப்பிட்டு ஒரு சின்னப் பெருமை பேசினார். "புது வண்டி சேர்ந்திருக்கு. பழைய புரோகிராம்ல ஒரு வரி தொடலை. இதுக்குத்தான் அவ்வளவு தூரம் சொன்னேன்."

எல்லாரும் சிரித்தார்கள். கொக்கியும் சிரித்தாள். ஆனால் அந்த வார்த்தை மீன் முள் மாதிரி மாட்டிக்கொண்டது. ஒரு வரி தொடவில்லை. அப்படியென்றால் பம்பை யார் கூப்பிடுவது?

புதியவளின் இருக்கைக்குப் போனாள்.

"உன் மெத்தடைக் கொஞ்சம் காட்டு."

அவள் ஆசையாகத் திறந்து காட்டினாள். "பாருங்கக்கா, 'பம்பை ஓட்டு'. தனியா ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்கா வருது."

"வண்டி நின்னா இதை யாரு கூப்பிடுவாங்க?"

"தாய்க் கிளாஸ் கூப்பிடும்லக்கா?"

"அது 'சரக்கைக் கவனி'யைத்தானே கூப்பிடும். உன்கிட்ட இப்படி ஒரு மெத்தட் இருக்குன்னே அதுக்குத் தெரியாதேம்மா."

புதியவளின் முகம் வெளிறியது. பம்பை ஓட்டத் தெரிந்த மெத்தட் மீன் வண்டிக்குள் பத்திரமாக இருந்தது. கூப்பிட ஆள் இல்லை. கூப்பிடுகிற பெயரில் இருந்தது தாயின் வெறும் மெத்தட். வண்டி நின்றதும் பெட்டி மின்சாரத்தை வெட்டும், சரக்கைக் கவனி என்று சொல்லும், அந்த வெறும் மெத்தட் ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டுப் போகும்.

இப்படி ஓர் ஆளைத் தனக்கு நன்றாகத் தெரியுமே என்று கொக்கிக்கு அந்தப் பதற்றத்திலும் ஒரு நினைப்பு ஓடியது.

பக்கத்துத் திரையில் வரைபடம். மீன் வண்டியின் புள்ளி நகரவில்லை. ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது.

போன் எடுத்தாள்.

"ஏங்க, வண்டி நிக்குதா?"

"பாலத்துல ஏதோ வேலை நடக்குது. நீளமா வரிசை. நின்னு கொஞ்ச நேரமாச்சு."

"பம்பு ஓடுதா?"

"பச்சை லைட் எரியுதே."

"லைட்டை விடுங்க. அது பொய் சொல்லும். இறங்கிப் போய்த் தொட்டிகிட்ட காதை வைங்க. உங்களுக்குத்தான் கேட்டா தெரியுமே."

எதிர்முனையில் சரி என்ற சத்தம் வரவில்லை. கதவு திறக்கும் சத்தம்தான் வந்தது. பிறகு சரளைக் கல்லில் செருப்புச் சத்தம்.

"ஓடலை. ஒண்ணுகூட ஓடலை" என்றார். குரல் மாறியிருந்தது. "குஞ்செல்லாம் மேல வந்து வாயைத் திறக்குது."

"வண்டி நகர்ந்தாத்தான் பெட்டி மறுபடி கரண்ட் விடும். நகர முடியுமா?"

"முன்னாடியும் வண்டி, பின்னாடியும் வண்டி."

"மேனேஜரைக் கூப்பிடுங்க."

வைத்துவிட்டு, சற்றைக்கெல்லாம் அவரே திரும்பக் கூப்பிட்டார். "ரெண்டு தடவை அடிச்சுப் பார்த்தேன். எடுக்கலை."

இங்கிருந்து புரோகிராமை மாற்றி அனுப்பினால் வண்டி கம்பெனிக்குத் திரும்பிய பிறகுதான் பெட்டிக்குள் ஏறும். அதுவரை மீன் காத்திருக்காது. இரண்டு பேருக்கும் ஒரே விஷயம்தான் மனதில் ஓடியது, இரண்டு பேருக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"பெட்டியைத் திறந்தா பம்பு ஒயர் எதுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"தெரியும். நேரா பாட்டரிக்கு இழுத்துடலாம்" என்றார். "சீல் இருக்கேடி."

அறுங்கள் என்று சொல்ல அவள் நாக்கு எழவில்லை. அறுக்காதீர்கள் என்றும் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு வருஷம் மொத்தமும் கண்முன் வந்து நின்றது.

"என்னங்க பண்ணலாம்?"

அவர் போனை எங்கோ வைத்தார். உலோகத்தில் உலோகம் உரசும் சத்தம் கேட்டது, ஏதோ பட்டென்று தெறித்தது. பிறகு, தூரத்தில் யாரோ குறட்டை விடுவது மாதிரி, பம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின.

சாப்பாட்டு நேரம் தாண்டியதும் மீன் கம்பெனி மேனேஜர் அலுவலகத்துக்கே போன் செய்தார். எடுத்தது பளிங்கு. போனில் கத்தியது அறை முழுக்கக் கேட்டது. குஞ்சுகளோடு வண்டி கம்பெனிக்கு வந்து சேர்ந்துவிட்டது. கடைசித் தொட்டியில் கொஞ்சம் குஞ்சுகள் செத்து மிதக்கின்றன. சீல் அறுந்திருக்கிறது. பெட்டி எழுதி வைத்த பதிவில் 'எல்லாம் சரி, எல்லாம் சரி' என்று வந்துகொண்டே இருந்து, திடீரென்று சிவப்பில் 'ஓட்டுநர் தலையீடு' என்று ஒரு வரி இருக்கிறது. "முதல் நாளே கைவரிசையைக் காட்டிட்டாரு. அந்தம்மா சொன்னாங்களேன்னு சேர்த்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

பளிங்கு போனை வைத்தார். அதற்குள் புதியவள் அழுதுகொண்டே அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"முதல்ல புரோகிராமைச் சரி பண்ணுவோம். மேனேஜர்கிட்ட ரெண்டு நாள் கழிச்சு, கோபம் ஆறினப்புறம் பேசலாம். இல்லேன்னா வாடிக்கையே போயிடும்" என்றார்.

"ரெண்டு நாள்ல அவர் வேற ஆளைப் போட்டுடுவார் சார்" என்றாள் கொக்கி. அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "அந்தச் சிவப்பு வரியை எழுதினது நம்ம புரோகிராம். அதுக்கு மேல இருக்கற 'எல்லாம் சரி'யும் நம்ம புரோகிராம்தான் எழுதிச்சு. எது பொய்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அவர் திரையில் இருந்த பதிவைப் பார்த்தார். வரிவரியாக எல்லாம் சரி. அழுக்கென்றால் ஆகாத மனுஷர், தன் மேசைமேல் யாரோ சேற்றுக் காலை வைத்தது மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து பையை எடுத்தார்.

"வாங்க, போலாம்."

இருவரும் காரில் கிளம்பினார்கள். பாதி வழியில் அவராகவே கேட்டார். "திரும்பவும் நீ யாருன்னு எல்லாரையும் கேட்டுட்டுத் திரியணும்கறீங்களா?"

"இல்ல சார். அதை எடுத்தது நல்லதுதான். ஆனா தாய்ல அந்த வெறும் மெத்தட் வேண்டாம். அங்க பேரு மட்டும் இருக்கட்டும். எந்தப் பிள்ளையாவது எழுதாம விட்டா புரோகிராம் ஓடவே மாட்டேன்னு அடம் பிடிக்கணும். கவனிக்க ஒண்ணும் இல்லேன்னாக்கூட, எனக்கு ஒண்ணும் இல்லைன்னு அதுவே எழுதிச் சொல்லட்டும்."

"லாரி, வேன் எல்லாத்துலயும் போய் எழுதணுமே."

"ஆமா சார்."

"பார்க்க அசிங்கமா இருக்கும்."

"கொஞ்சம் இருக்கும்."

அடுத்த சந்திப்பில் விளக்கு மாறும்வரை யோசித்தார். "அசிங்கம்னும் சொல்ல முடியாது" என்றார்.

மீன் கம்பெனியின் முற்றம் ஈரமாக இருந்தது. வண்டி ஓரமாக நின்றது. வீட்டுக்காரர் முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டு, செத்த குஞ்சுகளை வலையால் அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். போகச் சொன்ன பிறகும் அவர் அந்த வேலையை விட்டுப் போகவில்லை. மேனேஜர் பெருத்த உடம்புக்காரர். அறுந்த சீலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

பளிங்கு சுற்றி வளைக்கவில்லை. "தப்பு எங்களோடது. வண்டி நின்னதும் பம்பை நிறுத்தினது எங்க பெட்டி. நிறுத்திட்டு எல்லாம் சரின்னு பச்சை லைட்டும் போட்டிருக்கு. இவர் அறுக்கலேன்னா ஒரு தொட்டியும் மிஞ்சியிருக்காது. எழுதியே கொடுத்துடறேன்" என்றார்.

மேனேஜர் வாயைத் திறந்து மூடினார். கத்துவதற்காகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் யார்மேல் கொட்டுவது என்று தெரியாமல் வண்டியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், கடைசியில் வீட்டுக்காரரிடமே வந்தார்.

"இருக்கட்டும். ஆனா சீலைத் தொடாதீங்கன்னு உங்ககிட்ட நான் சொன்னேனா இல்லையா? சரின்னு தலையாட்டினீங்களே!"

"அவர் எதுக்குமே அப்படித்தான் சொல்லுவார் சார்" என்று கொக்கி வாய்தவறிச் சொல்லிவிட்டாள். பளிங்குக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றிக்கொண்டார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "போனது போகட்டும். எனக்குக் கட்டுப்பாடு முக்கியம். இனிமே என்னைக் கேக்காம அறுக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கு வண்டியை எடுங்க. அவ்வளவுதான்."

கொக்கிக்கு உயிர் வந்தது. ஒரு வார்த்தைதானே, பிறந்ததிலிருந்து அவர் சொல்லிக்கொண்டிருக்கிற வார்த்தைதானே. தலை ஒரு பக்கம் சாயும் என்று பார்த்தாள்.

வீட்டுக்காரர் வலையைக் கீழே வைத்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார்.

"கூப்பிட்டுப் பார்ப்பேன்" என்றார். "நீங்க எடுக்கலேன்னா, பம்பும் நின்னு போச்சுன்னா, அறுப்பேன் சார்."

தொட்டிகளில் காற்று குமிழியிடும் சத்தம் மட்டும் கேட்டது. சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கொக்கிக்கு ஒரு மனம் பதறியது. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லையே என்று இன்னொரு மனம் பூரித்தது. வேலை போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அறைக்குள் போனார். இழுப்பறை திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, புதுச் சீல் ஒன்றை வீட்டுக்காரர் கையில் வைத்தார்.

"நீங்களே போட்டுடுங்க" என்றார். "இன்னும் ரெண்டு சீல் தர்றேன், வண்டிக்குள்ள வெச்சுக்கோங்க. ஒரு பிளையரும் இருக்கட்டும்."

வீடு திரும்பும்போது இருவரும் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தார்கள். அவர்மேல் மீன் வாடை அடித்தது. அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. தெருமுனை வரும்முன் அவள், "பால் தீர்ந்து போச்சுங்க. வாங்கணும்" என்றாள்.

"சரி" என்றார் அவர், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, முகம் மலர்ந்து.

கடை வந்தது. அவர் அதைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தார், அடுத்த வீட்டு மாடியில் ஓடும் தண்ணீர் மோட்டாரைக் காதைத் திருப்பிக் கேட்டபடி. கொக்கி சிரித்துக்கொண்டே நின்று பாலை வாங்கிக்கொண்டு, எட்டி நடந்து அவரைப் பிடித்தாள்.

"என்னங்க சொல்லுது அந்த மோட்டார்?" என்று கேட்டாள்.

அவர் நின்றுவிட்டார். வீட்டு வாசல் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.